ஆங்கிலத்தில் இன்டர்வியூ: நான் சிக்கிய இடங்களும் மீண்ட விதமும்

நான் போன முதல் ஆங்கில இன்டர்வியூ ஒரே ஒரு ‘எஸ்’ஸால் கெட்டது. “டோன்ட் யூ ஹேவ் எனி எக்ஸ்பீரியன்ஸ் இன் பர்ச்சேஸ்?” என்று கேட்டார்கள். எனக்குப் பர்ச்சேஸில் அனுபவம் இல்லை. ஸ்டோர்ஸில் மட்டும்தான் வேலை பார்த்திருந்தேன். தமிழில் யாராவது “அனுபவம் இல்லையா?” என்று கேட்டால் “ஆமாம், இல்லை” என்போம். அந்த ‘ஆமாம்’ வாய்க்கு வந்துவிட்டது. “எஸ்” என்று சொல்லிவிட்டு அமைதியாக இருந்தேன்.

எதிரில் இருந்தவர் தலையாட்டிக்கொண்டு பர்ச்சேஸ் பக்கமே போனார். வெண்டரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், கொட்டேஷன்களை எப்படி ஒப்பிட்டீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள். எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இல்லாத அனுபவத்தை இருப்பதாகச் சொல்லி மாட்டிக்கொண்ட ஆளாகத்தான் அவருக்கு நான் தெரிந்திருப்பேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் என்ன நடந்தது என்றே எனக்குப் புரிந்தது.

தமிழில் நாம் கேட்டவரின் வாக்கியத்துக்கு ஆமாம் போடுகிறோம். ஆங்கிலத்தில் நடப்பு என்னவோ அதற்குத்தான் எஸ், நோ. அனுபவம் இருந்தால் எஸ், இல்லையென்றால் நோ. கேள்வியில் ‘டோன்ட்’ வந்தாலும் வராவிட்டாலும் பதில் மாறாது. “டூ யூ மைண்ட் வொர்க்கிங் இன் ஷிஃப்ட்ஸ்?” என்பதும் இதே மாதிரி ஒரு பள்ளம். ஷிஃப்ட்டில் வேலை செய்ய ஆட்சேபணை உண்டா என்பதுதான் கேள்வி. உற்சாகமாக “எஸ்” என்றால் ஆட்சேபணை உண்டு என்று அர்த்தம். “நாட் அட் ஆல், ஐ ஆம் ஃபைன் வித் ஷிஃப்ட்ஸ்” என்பது பாதுகாப்பான பதில். அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வெறும் எஸ், வெறும் நோ சொல்லி நிறுத்துவதே இல்லை. பின்னாலேயே ஒரு சிறு வாக்கியம் வந்துவிடும். “நோ, ஐ டோன்ட். பட் ஐ வொர்க்ட் வித் தி பர்ச்சேஸ் டீம் எவ்ரி டே.” எஸ், நோ தவறினாலும் அந்த வாக்கியம் என்னைக் காப்பாற்றும்.

நான் பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலம் வாசித்தால் புரியும். மெயில் எழுதுவேன், மற்றவர்கள் எழுதிய மெயிலில் பிழை இருந்தால் கண்ணில் படும். பேசச் சொன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐந்து இன்டர்வியூக்களில் தோற்றேன், ஆறாவதில் வேலை கிடைத்தது. அந்த இடைவெளியில் என் ஆங்கிலம் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. புதிதாகக் கற்ற சொற்களை எண்ணினால் ஐம்பது தேறாது. நான் தயாராகிய முறைதான் மாறியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மனப்பாடம். ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ கேள்விக்கு ஒரு முழுப் பக்கம் எழுதி, பாட்டி சொன்ன பாட்டு மாதிரி ஒப்பிப்பேன். இரண்டாவது இன்டர்வியூவில் மூன்றாவது வாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண்மணி இடையில் கையை லேசாக உயர்த்தி, “ஓ, விச் சாஃப்ட்வேர் டிட் யூ யூஸ் தேர்?” என்று கேட்டார். நட்பாகத்தான் கேட்டார். சாஃப்ட்வேர் பெயரைச் சொன்னேன். அப்புறம் எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. நான்காவது வாக்கியத்தைத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. மூன்றாவதிலிருந்து மறுபடி தொடங்கினேன், அதே சொற்கள், அதே ஏற்ற இறக்கம். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. மனப்பாடம் செய்த பதில் ஒரே கயிற்றில் கோத்த மணிகள். நடுவில் ஒருவர் கை வைத்தால் எல்லாம் சிதறிவிடும். உண்மையான இன்டர்வியூவில் நடுவில் கை வைக்காதவர்கள் குறைவு.

இப்போது நான் அந்தக் கேள்விக்கு வாக்கியம் தயார் செய்வதில்லை. மூன்று ஆணி மட்டும் அடித்து வைத்துக்கொள்கிறேன்: இப்போது என்ன செய்கிறேன், இதற்கு முன் என்ன செய்தேன், இங்கே ஏன் வந்தேன். சொற்கள் ஒவ்வொரு தடவையும் மாறும், மாறட்டும். என் பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: “ஐ மேனேஜ் ஸ்டாக் ரெக்கார்ட்ஸ் ஃபார் எ மேனுஃபாக்சரிங் கம்பெனி. ஐ ஹேவ் டன் திஸ் ஃபார் த்ரீ இயர்ஸ். பிஃபோர் தட், ஐ வாஸ் எ டேட்டா என்ட்ரி ஆப்பரேட்டர். நவ் ஐ வான்ட் டு மூவ் இன்டு இன்வென்டரி ப்ளானிங். தட்ஸ் வொய் ஐ அப்ளைட் ஹியர்.” கூட இரண்டு மூன்று வாக்கியம் சேரலாம். சாதாரண வேகத்தில் பேசினால் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொற்கள் வரும். ஆக, ஒரு நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சிறு வாக்கியங்கள் போதும். அப்பா என்ன வேலை, எத்தனை பேர் உடன்பிறந்தவர்கள், பொழுதுபோக்கு என்ன என்பதெல்லாம் என் பழைய பக்கத்தில் இருந்தது. ஒருவர்கூட அதைப் பற்றித் திருப்பிக் கேட்டதில்லை. எடுத்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தின் முதல் சொல்லே ‘மைசெல்ஃப்’தான். அதற்குப் பிறகு என் பெயர். ‘ஐ ஆம்’ என்று தொடங்குவதுதான் சரி. அதே மாதிரி ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதியிருந்தேன். மூன்று வருஷமாக வேலை செய்கிறேன் என்று நினைத்தால் அப்படித்தான் வரும். ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்பது சரி. எத்தனை காலம் என்றால் ஃபார், எப்போதிலிருந்து என்றால் சின்ஸ்: சின்ஸ் 2019, சின்ஸ் ஜூன். ‘ஐ ஆம் ஹேவிங் எக்ஸ்பீரியன்ஸ்’ வேண்டாம், ‘ஐ ஹேவ்’ போதும். இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. நம்மிடையே பேசும்போது தப்பில்லை, வெளிநாட்டுக்காரர் எதிரில் இருந்தால் குழப்பும். ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2016’ என்றால் படிப்பு முடித்தேன் என்று நமக்குப் புரியும், வேறு பல நாடுகளில் மயங்கி விழுந்தேன் என்று கேட்கும். ‘ஐ க்ராஜுவேட்டட் இன் 2016’ என்று சொல்லிவிடுவேன். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால் எனக்குப் புரியவில்லை என்பதைவிட உங்களை நம்பவில்லை என்ற வாடை அடிக்கும். கேட்க வேண்டியிருந்தால் ‘ஐ ஹேவ் எ க்வெஸ்டின்.’

இவையெல்லாம் இரண்டு நாளில் திருத்திக்கொள்ளக்கூடியவை. உண்மையான சிக்கல் வினைச்சொல்லில் இருந்தது.

தமிழில் வினை கடைசியில் வரும். “போன ஜூன்ல ஸ்டாக் எடுக்கும்போது பின் கார்டுக்கும் சிஸ்டத்துக்கும் நடுவுல ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சேன்.” (பின் கார்டு என்பது ரேக்கில் ஒவ்வொரு பொருளின் வரவு, செலவு எழுதும் அட்டை.) எவ்வளவு நீட்டினாலும் ‘கண்டுபிடிச்சேன்’ என்று முடிக்கலாம், மூச்சு வாங்கிக்கொள்ள இடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் நானும் இதே வரிசையில் தொடங்குவேன். லாஸ்ட் ஜூன், வென் டேக்கிங் ஸ்டாக், பிட்வீன் தி பின் கார்ட் அண்ட் தி சிஸ்டம்… இதற்குள் யார் என்ன செய்தார் என்பது வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாக்கியம் சுவரில் முட்டி நிற்கும். எல்லாரும் இதைத் தடுமாற்றம் என்பார்கள், பயம் என்பார்கள். எனக்கும் அது பயமாகத்தான் தெரிந்தது. பிறகுதான் வாக்கியத்தைத் தப்பான முனையில் பிடித்துத் தூக்குகிறேன் என்று தெரிந்தது.

அன்றிலிருந்து வாய் திறந்ததும் யார், என்ன செய்தார் என்ற இரண்டையும் போட்டுவிடுவேன். “ஐ ஃபவுண்ட் எ டிஃபரன்ஸ்.” முற்றுப்புள்ளி. மீதி எல்லாம் அப்புறம். “இட் வாஸ் லாஸ்ட் ஜூன். வீ வேர் டேக்கிங் ஸ்டாக். தி பின் கார்ட் செட் ஒன் திங், தி சிஸ்டம் செட் அனதர்.” சின்னச் சின்ன வாக்கியங்கள். குழந்தை பேசுவது மாதிரி இருக்குமோ என்று கூச்சப்பட்டேன். கேட்கிறவருக்கு அப்படித் தோன்றுவதில்லை, தெளிவாகப் பேசுகிற ஆள் என்றுதான் தோன்றுகிறது. இதற்காக என் வேலையில் வரும் வினைச்சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதினேன், இறந்த காலத்தில்: ஃபவுண்ட், செக்ட், கவுண்ட்டட், டோல்ட், ஆஸ்க்ட், பில்ட், ப்ராட், டாட், லெட். முப்பது தேறியது. என் மூன்று வருஷ வேலையை அந்த முப்பதுக்குள் சொல்லிவிட முடிந்தது. புதிய பெயர்ச்சொற்களைத் தேடி அலைவதைவிட இந்த முப்பது நுனிநாக்கில் இருப்பது பெரிய பலம்.

அடுத்தது ‘நாங்க’. இதை எனக்குக் காட்டியவர் எங்கள் அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸில் இருந்த ஓர் அக்கா. மூன்றாவது தோல்விக்குப் பிறகு, “தினமும் சாயந்தரம் பதினஞ்சு நிமிஷம் எனக்கு இன்டர்வியூ கொடு” என்றார். அவர் கேட்ட முதல் கேள்வி ‘டெல் மீ அபவுட் எ ப்ராப்ளம் யூ சால்வ்ட்.’ நான் சொன்னது: “வீ ஹேட் எ ஸ்டாக் டிஃபரன்ஸ் ப்ராப்ளம். வீ டிஸ்கஸ்ட். வீ சால்வ்ட் இட். நவ் இட் இஸ் ஓகே.”

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். “யாரு இந்த ‘வீ’? மேனேஜரா?”

“எல்லாரும் சேர்ந்துதானே அக்கா.”

“சரி. வித்தியாசம் எங்க இருந்து வருதுன்னு யாரு கண்டுபிடிச்சா?”

“நான்தான்.”

“எப்படி?”

நான் தமிழில் சொன்னேன். மாதக் கடைசியில் ஸ்டாக் டேலி செய்ய மூன்று நாள் ஆகும். சிஸ்டத்தில் ஒரு எண், ரேக்கில் ஒரு எண். எல்லாரும் உள்ளே வரும் சரக்கைத்தான் சந்தேகப்பட்டார்கள், வந்த சரக்குக்குப் போடும் ரசீதான ஜிஆர்என்னை மறுபடி மறுபடி புரட்டினார்கள். நான் ஒரு வாரத்து பின் கார்டுகளை எடுத்து, வித்தியாசம் வந்த ஐட்டம்கள் எந்த நேரத்தில் வெளியே போயிருக்கின்றன என்று குறித்தேன். பெரும்பாலும் ராத்திரி ஷிஃப்ட். ராத்திரியில் ஸ்டோர்ஸில் ஆள் இல்லை, சாவி ஷிஃப்ட் இன்சார்ஜிடம். பொருளை எடுத்துப் போய்விடுவார்கள், காலையில் ஸ்லிப் போடுவார்கள், சில நாள் மறந்துவிடும். இஷ்யூ கவுண்டரில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டேன், பேனாவோடு. எடுக்கிறவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், காலையில் நான் முதல் வேலையாக அதை சிஸ்டத்தில் ஏற்றுவேன். நான்காவது மாதம் டேலி ஒரே நாளில் முடிந்தது.

“இவ்வளவையும் ‘வீ சால்வ்ட் இட்’டுக்குள்ள போட்டு மூடிட்டியே” என்றார் அக்கா.

எனக்கு அந்த நொடி மறக்காது. நான் ஆங்கிலம் தெரியாததால் குறைத்துச் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். தமிழில் கேட்டிருந்தாலும் “எல்லாரும் சேர்ந்து சரி பண்ணினோம்” என்றுதான் சொல்லியிருப்பேன். ‘நான்’ என்று சொன்னால் தற்பெருமை என்று வளர்ந்திருக்கிறோம். அது நல்ல வளர்ப்புதான். ஆனால் எதிரில் இருப்பவர் ஒரே ஒருவரைத்தான் வேலைக்கு எடுக்கப் போகிறார். அந்த ஒருவர் என்ன செய்தார் என்று தெரியாமல் அவர் எப்படி முடிவெடுப்பார்? அக்கா சொன்ன வழி இது: கையால், மூளையால் நீ செய்ததற்கு ‘ஐ’ போடு, பலனைச் சொல்லும்போது ‘வீ’ போட்டுக்கொள். “ஐ செக்ட் தி பின் கார்ட்ஸ் ஃபார் ஒன் வீக். ஐ ஃபவுண்ட் தட் மோஸ்ட் டிஃபரன்சஸ் கேம் ஃப்ரம் தி நைட் ஷிஃப்ட். ஐ புட் எ புக் அட் தி இஷ்யூ கவுண்டர். ஆஃப்டர் ஃபோர் மன்த்ஸ், வீ ஃபினிஷ்ட் தி டேலி இன் ஒன் டே.” இதில் பெருமை அடித்தது எங்கே இருக்கிறது? நடந்தது நடந்தபடி இருக்கிறது.

‘டெல் மீ அபவுட் எ டைம் வென்…’ என்று தொடங்கும் கேள்விகள் இன்று பல இன்டர்வியூக்களில் வருகின்றன. இதன் வேர் தொழில் உளவியலில் இருக்கிறது. ஒருவர் முன்பு எப்படி நடந்துகொண்டார் என்று பார்த்தால் இனி எப்படி நடந்துகொள்வார் என்று ஊகிக்கலாம் என்பது அதன் அடிப்படை. டாம் ஜான்ஸ் என்ற உளவியலாளர் 1982இல் இந்த வகை நேர்காணலைச் சாதாரண நேர்காணலோடு ஒப்பிட்டு ஆய்வு வெளியிட்டிருக்கிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கேள்விக்கு ‘ஐ வில்’, ‘ஐ வுட்’ என்று பதில் சொன்னால் கேட்டவருக்கு எதுவும் கிடைக்காது. “கஸ்டமர் கோபப்பட்டால் பொறுமையாகப் பேசுவேன்” என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஒருநாள் ஒரு கஸ்டமர் கோபப்பட்டார், நான் இதைச் செய்தேன், இப்படி முடிந்தது என்பதுதான் பதில். ஸ்டார் என்று ஒரு வழிமுறை சொல்லித் தருவார்கள்: சிச்சுவேஷன், டாஸ்க், ஆக்ஷன், ரிசல்ட், அதாவது சூழல், பணி, செயல், பலன். நான் பார்த்தவரை எல்லாரும் சூழலிலேயே இரண்டு நிமிடத்தைக் கரைத்துவிடுகிறார்கள். சூழலுக்கு இரண்டு வாக்கியம் போதும். செயலுக்குத்தான் நேரம் வேண்டும்.

அதனால் நான் பதில்களை எழுதி வைப்பதை விட்டுவிட்டுச் சம்பவங்களை எழுதி வைக்கத் தொடங்கினேன். ஒரு நோட்டில் எட்டுச் சம்பவங்கள். சிக்கலைத் தீர்த்தது, தப்பு செய்தது, ஒருவரோடு கருத்து மோதியது, புதிதாக ஒன்றைக் கற்றது, அவசரத்தில் முடித்தது என்று. தமிழில்தான் எழுதினேன், ஆங்கில வினைச்சொற்களை மட்டும் ஓரத்தில் குறித்தேன். கேள்வி எந்த வடிவில் வந்தாலும் எட்டில் ஒன்று பொருந்தும். இஷ்யூ கவுண்டரில் நோட்டு கட்டிய சம்பவத்தை டீம் வொர்க் கேள்விக்கும் சொல்லியிருக்கிறேன், இனிஷியேட்டிவ் கேள்விக்கும் சொல்லியிருக்கிறேன். நடந்ததைச் சொல்லும்போது அடுத்தது என்ன என்று யோசிக்க வேண்டியதில்லை, ஞாபகம் தானே எடுத்துக் கொடுக்கும். நடுவில் யார் குறுக்கிட்டாலும் கதை கலையாது.

வீக்னஸ் கேள்விக்கு வருகிறேன். நான்காவது இன்டர்வியூவில் “ஐ ஆம் எ பெர்ஃபெக்ஷனிஸ்ட்” என்றேன். கேட்டவர் அதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. அன்றைக்கு அவர் அதை எத்தனையாவது தடவை கேட்டாரோ. ஆறாவது இன்டர்வியூவில் உண்மையைச் சொன்னேன். ஆங்கிலத்தில் போன் பேசுவதைத் தவிர்ப்பேன், மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பேன், ஒரு தடவை அதனால் ஒரு சரக்கு தாமதமானது. இப்போது போன் செய்வதற்கு முன் மூன்று பாயின்ட் எழுதிக்கொண்டு அழைக்கிறேன். “ஐ யூஸ்ட் டு அவாய்ட் போன் கால்ஸ் இன் இங்லிஷ். நவ் ஐ ரைட் டவுன் த்ரீ பாயின்ட்ஸ் அண்ட் மேக் தி கால்.” அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். “அண்ட் இஸ் இட் வொர்க்கிங்?” என்று கேட்டார். அங்கிருந்து அது பேச்சாகிவிட்டது. குறை உண்மையானதாக இருக்க வேண்டும், அந்த வேலையின் உயிர்நாடியைத் தொடாததாக இருக்க வேண்டும், அதற்கு நீங்கள் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். கணக்குப் பார்க்கிற வேலைக்குப் போய் எண்களில் கவனம் குறைவு என்று சொல்ல முடியாது.

உச்சரிப்பைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். வெள்ளைக்காரர் மாதிரி பேச முயலாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நம் தமிழ் வாடையில் யாருக்கும் சிக்கல் இல்லை, சொல் புரிகிறதா என்பதுதான் கேள்வி. ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ்ஸின் பேச்சுத் தேர்விலேயே நான்கு அளவுகோல்களில் உச்சரிப்பு ஒன்றுதான். மற்ற மூன்றும் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம மதிப்பு. ஆனால் புரியாமல் போகிற இடங்கள் சில உண்டு. அவற்றை என் பேச்சை போனில் பதிவு செய்து கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். ஒன்று, சொல் கடைசியில் ஒரு சின்ன உகரம்: டீமு, வொர்க்கு, சிஸ்டமு. குற்றியலுகரம் நம் நாக்கில் ஊறியது, மெய்யில் நிறுத்த நாக்கு மறுக்கிறது. இன்னொன்று, எகரத்துக்கு முன்னால் ஒரு யகரமும் ஒகரத்துக்கு முன்னால் ஒரு வகரமும் ஒட்டிக்கொள்வது: யெவ்ரி, வோப்பன். அடுத்தது அழுத்தம். ‘டெவலப்’பில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம், ஆங்கிலத்தில் இரண்டாவது அசைக்குத்தான் அழுத்தம். என் வேலையில் அடிக்கடி வரும் இருபது சொற்களுக்கு மட்டும் அகராதியில் அழுத்தம் பார்த்துக்கொண்டேன். அதற்கு மேல் மெனக்கெடவில்லை.

எண்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். நோட்டீஸ் பீரியட் பதினைந்து நாள் என்று நான் சொன்ன ‘ஃபிஃப்டீன்’ ஒருவர் காதில் ‘ஃபிஃப்டி’யாக விழுந்து, அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றார். நல்லவேளையாக வாய்விட்டுச் சொன்னார். இப்போது “ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்” என்று சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி புரியவில்லை என்றால்? நான் ஒரு காலத்தில் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, காதில் விழுந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வேன். அதைவிட மோசமான வழி இல்லை. திரும்பக் கேட்பதால் யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. ஆனால் கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. தமிழில் “திரும்பச் சொல்லுங்க” என்னும்போது மரியாதை அந்த ‘ங்க’வில் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ‘ரிப்பீட் தி க்வெஸ்டின்’ என்று சொல் மட்டும் போகிறது, ‘ங்க’ இங்கேயே நின்றுவிடுகிறது. கேட்பவருக்கு அது கட்டளை. ஆங்கிலத்தில் மரியாதை ‘குட் யூ’, ‘வுட் யூ’, ‘மே ஐ’ என்பவற்றில் இருக்கிறது. “சாரி, குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?” அதைவிட நல்லது, புரிந்த பாதியைச் சொல்லிக் கேட்பது: “டூ யூ மீன் மை கரண்ட் ஜாப் ஆர் மை ப்ரீவியஸ் ஒன்?” வாக்கியத்துக்கு வாக்கியம் சார், மேடம் போடுவதையும் இதைப் புரிந்துகொண்ட பிறகு குறைத்துவிட்டேன். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் “லெட் மீ திங்க் ஃபார் எ மொமென்ட்” என்று சொல்லிவிட்டு ஐந்து நொடி பேசாமல் இருங்கள். அந்த ஐந்து நொடி நமக்குத்தான் நீளம், அவர்களுக்கு இல்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய வேலையை ஏன் விடுகிறீர்கள் என்றால் பழைய மேனேஜரைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம், அவர் எவ்வளவு மோசமானவராக இருந்தாலும். அடுத்து என்ன கற்க வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பீர்கள் என்றால் அந்த வேலையின் அடுத்த படியைச் சொன்னால் போதும். இடையில் வேலை இல்லாத மாதங்கள் இருந்தால் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அந்த மாதங்களில் செய்ததைச் சொல்லுங்கள். எவ்வளவு விளக்குகிறோமோ அவ்வளவு சந்தேகம் வரும். சம்பளம் கேட்டால் முதலில் “மே ஐ நோ தி ரேஞ்ச் ஃபார் திஸ் ரோல்?” என்று கேட்டுப் பார்க்கலாம். விடாமல் திரும்பக் கேட்டால் ஓர் எண்ணைச் சொல்லத் தயாராக இருங்கள், மென்று விழுங்க வேண்டாம். வீடியோவில் என்றால் திரையில் பதிலை ஒட்டி வைத்துப் படிக்காதீர்கள். கண் இடமிருந்து வலம் ஓடுவது அப்படியே தெரியும்.

கடைசியில் “டூ யூ ஹேவ் எனி க்வெஸ்டின்ஸ் ஃபார் அஸ்?” என்பார்கள். முதல் ஐந்து தடவையும் “நோ, தேங்க் யூ” என்று எழுந்து வந்தேன், தப்பித்தால் போதும் என்று. ஆறாவது தடவை “வாட் ஷுட் ஐ லேர்ன் இன் தி ஃபர்ஸ்ட் மன்த்?” என்று கேட்டேன். அவர் பத்து நிமிடம் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்டர்வியூவில் எனக்கு மூச்சு சீரானது அப்போதுதான்.

இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறேன். போன மாதம் வந்த ஒரு பெண்ணுக்குக் குரலே எழவில்லை. கையில் வைத்திருந்த ஃபைல் நடுங்கியது. என் பழைய பக்கம் ஞாபகம் வந்தது. டெல் மீ அபவுட் யுவர்செல்ஃபை விட்டுவிட்டு, “வாட் டிட் யூ டூ அட் வொர்க் எஸ்டர்டே?” என்று கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்தார். அப்புறம் சொல்லத் தொடங்கினார். ஒரு இன்வாய்ஸில் அளவு தப்பாக இருந்தது, சப்ளையரை அழைத்தார், சப்ளையர் ஒத்துக்கொள்ளவில்லை, இவர் டெலிவரி சலானை எடுத்து அனுப்பினார். இலக்கணம் இரண்டு மூன்று இடத்தில் தவறியது. அவர் வேலை தெரிந்தவர் என்பது எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

எங்கள் ஸ்டோர்ஸில் இருக்கும் ஒரு தம்பி அடுத்த வாரம் வேறு இடத்துக்கு இன்டர்வியூ போகிறான். தினமும் சாயந்தரம் பதினைந்து நிமிடம் உட்காருகிறோம். நேற்று “வீ அரேஞ்ச்ட் தி ரேக்ஸ்” என்றான். “யாருடா வீ?” என்றேன். கொஞ்சம் வெட்கப்பட்டு, “ஐ டிட்” என்றான். எந்த வரிசையில், ஏன் அந்த வரிசையில் என்று கேட்டேன். தமிழில் ஐந்து நிமிடம் விளக்கினான், கண் மின்ன. அதில் வந்த வினைச்சொற்களை எழுதி எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு வீக்னஸ் கேள்வி.